பைத்தியக்காரனுக்கு உடம்பு இல்லையா?

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தோழர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது)



தலைவர் அவர்கள் நம்மைப்பற்றிச் சொன்ன புகழ் வார்த்தைகளில் முக்கால் பங்கு நமக்குப் பொருந்தாது. மீதிக் கால் பங்காவது பொருந்துமா என்பதை, இன்று நாம் பேசப்போகிற சங்கதியைக் கேட்ட பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஏனென்றால், இன்று நாம் பூசாரியையும் மந்திரவாதியையும் மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு மாலையோடு வீடு போய்ச் சேருவதற்கு வரவில்லை. நம்மையும் அவர்களோடு ஒரே கூண்டில் ஏற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறோம்.

பேசவேண்டிய விஷயம் மனநோய்க்காரர்களின் உடம்பைப் பற்றியது. "கெட்டுப்போனது மனம்தானே, உடம்புக்கு என்ன வந்தது?" என்று சிலர் சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்பினால் எத்தனை உயிர் போகிறது என்பதுதான் நமது இன்றைய பேச்சு.

தோழர்களே! நமது நாட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் கொடுக்கிறோம். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறோம். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ஆனால், ஒருவன் தனக்குத் தானே பேசிக்கொண்டாலோ, இராமுழுதும் தூங்காமல் நடந்தாலோ, யாரோ காதில் பேசுவதாகச் சொன்னாலோ உடனே உடுக்கைக்காரனைக் கூப்பிடுகிறோம். வேப்பிலையால் அடிக்கிறோம், மிளகாய்ப் புகை போடுகிறோம், தாயத்துக் கட்டுகிறோம். அதிலும் தீராவிட்டால் கோயிலிலோ தர்காவிலோ மாதாகோயிலிலோ கொண்டுபோய் விடுகிறோம். பெரம்பலூரும் அரியலூரும் பிரிந்துவந்த தாய் ஜில்லாவாகிய திருச்சியில், குணசீலத்துக் கோயிலில் 48 நாள் இருந்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை வெகுகாலமாக இருந்துவருவது உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு காரியத்தில் மாத்திரம் ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசமே கிடையாது. மத ஒற்றுமை வேண்டுமென்று கூச்சல் போடுகிறவர்கள் இதைப் பார்த்தாவது திருப்தியடையலாம்.

இதன் பலன் என்னவாயிற்று? இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. தர்காவை நம்பி வந்த மனநோய்க்காரர்களைத் தனியார் வைத்துப் பராமரித்துவந்த இல்லம் அது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். நெருப்பைக் கண்டால் ஓடவேண்டும் என்கிற புத்தி அவர்களுக்கு இருந்தது. ஓடுவதற்குக் கால் விடப்படவில்லை. அந்தக் காலைக் கட்டிப்போட்டவர்களோ புத்தி சுவாதீனமுள்ளவர்கள் என்று பேர் வாங்கினவர்கள்!

அந்தச் செய்தியைப் படித்த காலத்தில், அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வாலிபன் மாட்டுக்கொட்டகையில் கட்டப்பட்டிருக்கிறான் என்று நமக்குத் தெரியவந்தது. வயது 22. நாமும் இரண்டு மூன்று தோழர்களும் போனோம். தாயாரிடம் மூன்று நாள் வாதாடி, சங்கிலியை அவிழ்த்து, பஸ் ஏற்றி வைத்தியத்துக்குக் கொண்டுபோனோம். மூன்று மாதத்தில் காதில் கேட்ட குரல் நின்றது. தூக்கம் வந்தது. ஆறாவது மாதம் முந்திரிக்கொட்டை பொறுக்கக் கூலிக்குப் போனான். நமக்குத் தலைகால் புரியவில்லை. அதே ஊரில் மேடை போட்டு, "மாத்திரைக்குப் பயந்து ஓடுகிற பேய் என்ன பேய்?" என்று கேட்டோம். ஜனங்கள் கைதட்டினார்கள். பூசாரி அந்தப் பக்கமே வரவில்லை.

நிற்க. அதற்குப் பிறகு நடந்ததை இதுவரை நாம் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இன்று சொல்லுகிறோம்.

இரண்டு வருஷத்தில் அவன் நன்றாகச் சதை போட்டான். விலா எலும்பு தெரிந்தவனுக்குத் தொந்தி விழுந்தது. "பையன் தேறிவிட்டான்" என்று நாம் மகிழ்ந்தோம். பிறகு அடிக்கடி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். இராத்திரி ஐந்தாறு தடவை எழுந்து வெளியே போனான். "பழைய வியாதி திரும்புகிறதோ?" என்றுதான் பயந்தோம். கால் எரிகிறது என்றான். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்டோம். கால் மரத்துப்போகிறது என்றான். "மாத்திரையை நிறுத்திவிட்டாயா?" என்று கேட்டோம். மாத்திரை வாங்குகிற இடத்திலும் அதே கேள்வியைக் கேட்டு அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒருவரும் அவனை ஒரு தராசில் நிறுத்தவில்லை. ஒருவரும் அவன் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஏழாவது வருஷம் சீமைக் கருவேல முள் ஒன்று பாதத்தில் ஏறியது. அவனுக்குத் தெரியவே இல்லை. புண் அழுகி நாற்றம் வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை வியாதி முற்றிப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கட்டில் பக்கத்தில் நின்ற நம்மைப் பார்த்து அவன் சொன்னான்: "கால் எரியுது, எரியுதுன்னு எத்தனை தரம் சொன்னேன்? ஒவ்வொரு தரமும் 'மாத்திரை போட்டியா'ன்னுதானேண்ணே கேட்டீங்க?"

தோழர்களே! எந்தக் காலிலிருந்த சங்கிலியை அவிழ்த்தோம் என்று பெருமை பேசினோமோ, அந்தக் கால் இன்று இல்லை. பூசாரி அவன் வாயில் வந்ததையெல்லாம் பேய் பேசுகிறது என்றான். நாம் நோய் பேசுகிறது என்றோம். அவன் பேசுகிறான் என்று இருவருமே நினைக்கவில்லை. அவனுக்கும் பூசாரிக்கும் நமக்கும் ஒரே மாதிரியான உடம்புதான் இருக்கிறது என்கிற சாதாரண அறிவு நமக்கு இல்லாமல் போயிற்று. ஆகவே, பேய் என்ற மூடநம்பிக்கையை விட்டுவிட்ட ஒரே காரணத்தால் பகுத்தறிவு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மனிதனுக்கு ஒரு பேர் சூட்டி, அந்தப் பேருக்கு அப்பால் அவனைப் பார்க்க மறுப்பது எதுவோ அதுவும் மூடநம்பிக்கைதான். ஜாதியும் அப்படிப்பட்ட பேர்தான். பைத்தியம் என்பதும் அப்படிப்பட்ட பேர்தான்.

இது ஒரு கிராமத்து ஒருவன் கதை மாத்திரமா என்றால், இல்லை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்ற ஜனங்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாகவே சாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. தற்கொலை ஒரு காரணந்தான். அது மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகந்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோரைக் கொல்லுவது தற்கொலை அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, நுரையீரல் வியாதி, தொற்றுநோய் ஆகிய சாதாரண வியாதிகளே கொல்லுகின்றன. அதாவது, உங்களுக்கும் நமக்கும் வந்தால் வைத்தியம் செய்து தள்ளிப்போடக்கூடிய சாவு, அவர்களுக்கு மாத்திரம் தள்ளிப்போகாமல் வருகிறது. இது தலைவிதியா? எவன் தலையில் எவன் எழுதினான்? காரணங்களை எடுத்து எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது, மருந்து. ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் காதில் கேட்கும் குரலை அடக்குகின்றன, அதோடு பசியை அதிகமாக்குகின்றன, உடம்பு பருக்கிறது, சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. இரண்டாவது, வாழ்க்கை முறை. வேலை கொடுப்பாரில்லை, நாளெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடிப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. மூன்றாவது, வறுமை. நான்காவது, அவர்கள் சொல்லுவதை யாரும் நம்புவதில்லை. ஐந்தாவது, ஆஸ்பத்திரியில் மனத்துக்கு ஒரு வாசல், உடம்புக்கு ஒரு வாசல். வயிற்றுவலி என்று போனால் "இவர் மனநோய்க்காரர், அந்த வாசலுக்குப் போங்கள்" என்கிறார்கள். அந்த வாசலில் "வயிறு எங்கள் வேலை அல்ல" என்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் மனிதன் செத்துப்போகிறான்.

மருந்தால் கெடுதல் வரும் என்று சொன்னதும், "அப்படியானால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாம்" என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது. பூசாரிகள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். பின்லாந்து தேசத்தில் 62,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை 20 வருஷ காலத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட காலத்தில் சாவு குறைவாகவும், சாப்பிடாத காலத்தில் அதிகமாகவும் இருந்தது. அதிலும் குளோசபின் சாப்பிட்ட காலத்தில் சாவு மிகவும் குறைவு. ஆகையால், மருந்தும் வேண்டும். மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்பதும் வேண்டும். வண்டி மாட்டுக்கு லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவன், வீட்டு மனிதனுக்கு அவ்வளவாவது பார்க்க வேண்டாமா?

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. மருந்து ஆரம்பிக்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு இவற்றைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் எடையை அடிக்கடி பார்க்க வேண்டும். மூன்றாவது மாதம் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குளோசபின் சாப்பிடுகிறவருக்கு இரத்தத்தில் வெள்ளையணுக்களை எண்ணிக்கொண்டே வர வேண்டும். அவருக்கு மலச்சிக்கல் வந்தால் அது விளையாட்டுச் சங்கதி அல்ல. குடல் அசைவு நின்று உயிரே போகலாம். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-இல் பிரசுரம் செய்த லித்தியம் என்கிற மருந்து இன்றைக்கும் பலரைக் காப்பாற்றி வருகிறது. அதைச் சாப்பிடுகிறவருக்கு இரத்தத்தில் மருந்தின் அளவையும், தைராயிடு சுரப்பியையும், சிறுநீரகத்தையும் பரீட்சை செய்து வர வேண்டும். நம் ஊர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் வெங்காயக் காட்டிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் வேர்வை கொட்ட வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ, அந்த மருந்து இரத்தத்தில் ஏறிக் கை நடுங்கும், நடை தள்ளாடும். ஊரார் குடித்துவிட்டான் என்பார்கள். அது குடி அல்ல, ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில மருந்துகளால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். உடனே ஊர் வாய் வேறு கதை கட்டும். வீட்டில் அடி விழும். அது மருந்தின் காரியம் என்று டாக்டரைக் கேட்டால் சொல்லுவார். மாற்றுவதற்கும் வழி உண்டு. வால்புரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியது. அதைச் சாப்பிடும் பெண் கலியாணத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி யோசனை கேட்க வேண்டும். தானாகவும் நிறுத்திவிடக் கூடாது. மனநோய் உள்ள பெண்ணுக்கும் மார்பு உண்டு, கர்ப்பப்பை உண்டு, அவற்றில் புற்றுநோய் வரலாம் என்பதை எத்தனை வீட்டில் நினைக்கிறார்கள்?

இனி, உடம்பு வேறு, மனம் வேறு என்று பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவாவது உண்மையா? அமெரிக்காவின் தென்பகுதியில் மக்காச்சோளத்தையே முக்கிய ஆகாரமாக உண்டுவந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, பேதி கண்டு, கடைசியில் புத்தி மாறிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பரம்பரை என்றார்கள், கிருமி என்றார்கள். கோல்ட்பெர்கர் என்கிற டாக்டர் 1914 முதல் ஆராய்ந்து, பாலும் மாமிசமும் பயறும் கொடுத்தால் அது வராது என்று காட்டினார். நியாசின் என்ற சத்து இல்லாததே காரணம் என்று 1937-இல் தெரிந்தது. பெரம்பலூர் முழுதும் மக்காச்சோளம் விளைவிக்கிற நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: சாமிக்குக் கடன் வைத்தவனுக்கு அந்தப் பைத்தியம் வரவில்லை, சாப்பாட்டில் சத்தில்லாதவனுக்கு வந்தது. மேகவியாதிக் கிருமி மூளையில் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பைத்தியமாக்கியது 1913-இல் நிரூபிக்கப்பட்டது. பிற்பாடு பெனிசிலின் அதை அடக்கிற்று. நல்ல நிலையிலிருந்த இளம்பெண் திடீரென்று கத்தி, கைகால் முறுக்கி, யாரையும் தெரியாதவளாகிவிடுகிறாளே, அதில் சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது என்று 2007-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. அவளைச் சாட்டையால் அடித்தவர்கள் எத்தனை பேரோ!

அவ்வளவு தூரம் போவானேன்? வயதான பாட்டி நேற்று வரை நன்றாக இருந்து, இன்று காலை பேரனைத் தெரியாமல் உளறினால், அது செத்துப்போன தாத்தா வந்து கூப்பிடுவதல்ல. மூத்திரத்தில் கிருமி, நுரையீரல் காய்ச்சல், உப்புச் சத்துக் குறைவு, சர்க்கரை தாழ்வு இவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள். நமது பாஷையிலேயே பித்து என்றால் பித்தநீர் என்றும் அர்த்தம், பைத்தியம் என்றும் அர்த்தம். பேயைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தி உடம்பை மறைத்தவர்கள் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறோம். சென்னையில் பைத்தியக்கார விடுதி ஏற்பட்டது 1794-இல். கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1871-இல். நம் ஜனங்கள் அந்த ஊர்ப் பேரையே வசவு வார்த்தையாக்கினார்கள். இந்தியாவில் ஜில்லாதோறும் மனநோய் வைத்தியம் என்று 1996-97-இல் ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு ஜில்லாக்களில் திருச்சி ஒன்று. 2017-இல் நிறைவேறி 2018-இல் அமுலுக்கு வந்த மனநலச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக எல்லா வைத்தியத்திலும் நடத்தவேண்டும் என்கிறது. 95-ஆவது பிரிவு, எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஆகவே "அந்த வாசலுக்குப் போங்கள்" என்று விரட்டினால், அது மரியாதைக் குறைவு மாத்திரமல்ல, சட்ட விரோதம். ஏர்வாடி தர்காவிலும் இன்று சர்க்கார் வைத்தியர்கள் மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. துவாவோடு மருந்தும் என்கிறார்கள். நமக்கு ஆட்சேபணை இல்லை. எதனால் தெளிந்தது என்பதைக் காலக்கிரமத்தில் ஜனங்களே தெரிந்துகொள்வார்கள்.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை நடத்தவேண்டியவர்கள் நாம். என்ன செய்யலாம்? உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் அவர் உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். சொல்லி முடிக்கிற வரை காது கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் காசில்லாமல் பார்க்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகிற நாளில் அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" என்று 2021-இல் ஒரு திட்டம் ஆரம்பமானது. அதன்படி பெண்மணிகள் வீடு தேடி வந்து சர்க்கரை பார்த்தார்கள். தாத்தாவுக்குப் பார்த்தார்கள், பாட்டிக்குப் பார்த்தார்கள். பின்கட்டு அறையில் உட்கார்ந்திருந்த தம்பியை மாத்திரம் எத்தனை வீட்டில் கூப்பிட்டு முன்னே நிறுத்தினீர்கள்? விருந்தாளிக்குத் தெரியக்கூடாது என்று மறைப்பதுபோல் வைத்தியத்துக்கும் மறைத்தால் வியாதி மறையுமா?

அவர் சாப்பிடுகிற மாத்திரைகளின் பேரை ஒரு நோட்டில் எழுதி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுங்கள். இரண்டு வாரம் இருமினால் "பீடி இருமல்" என்று விட்டுவிடாதீர்கள். காசநோய்க்குப் பரீட்சை செய்யுங்கள். பீடியை விடச் சொல்லுங்கள். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடவேண்டும். ஏனென்றால், புகை நின்றால் ஒலான்சபினும் குளோசபினும் இரத்தத்தில் ஏறும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். பல்லைப் பாருங்கள், பாதத்தைப் பாருங்கள். பாதத்தைப் பார்க்காததற்கு நாம் கொடுத்த விலையைச் சொல்லிவிட்டோம். வழி தெரியாமல் தவித்தால் 14416 என்ற நம்பருக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்யலாம். மனநோய் சம்பந்தமாக யோசனை சொல்ல 2022-இல் இந்திய சர்க்கார் ஏற்படுத்தியது.

தோழர்களே! அந்த வாலிபன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். கட்டைக் கால் வைத்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். மாதம் ஒரு தடவை அவனைப் பார்க்கப் போகிறோம். இப்போதெல்லாம் மாத்திரையைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறோம். அவன் சிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதினைந்து நிமிஷந்தான் ஆகிறது. அந்தப் பதினைந்து நிமிஷம் அன்றைக்கே நம்மிடம் இருந்தது. கேட்கிற புத்திதான் இருக்கவில்லை.

நாம் சொன்னோம் என்பதற்காக இவைகளை நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள், டாக்டரைக் கேளுங்கள். சரி என்று பட்டால், நாளைக் காலையிலேயே பின்கட்டுக் கதவைத் திறந்து அந்த ஒருவரைக் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டுவிடுங்கள்.